கடலில் மிதக்கும் காற்றாலை, அலை மின்சாரம்: மும்பைத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடல் எண்ணெய்த் தளங்களுக்கான இரும்புக் கட்டமைப்புகளை வடிவமைக்கும் வேலையில் மும்பையில் இருக்கிறேன். அதனால் செய்தியில் "கடல் காற்றாலை" என்று ஒரு வரி வந்தாலே மாட்டுங்கா மாமாக்களில் தொடங்கி டோம்பிவிலி நண்பர்கள் வரை எல்லாரும் என்னைத்தான் பிடிக்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைத்துவிட்டால், ஃபாஸ்ட் லோக்கலில் தொங்கிக்கொண்டே விளக்க வேண்டியிருக்காது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிதவைக் காற்றாலை நிஜமாகவே வேலை செய்கிறது, ஆனால் நம் நாட்டில் அதன் முறை இன்னும் வரவில்லை. அலை மின்சாரம் அதற்கும் பின்னால் நிற்கிறது. மும்பைக்கு இவற்றிலிருந்து மின்சாரத்துக்கு முன்னால் வேலைதான் வந்து சேரும்.

மிதவைக் காற்றாலை என்றால் என்ன? கடலில் ஏற்கெனவே காற்றாலை இருக்கிறதே?

இருக்கிறது. 1991இல் டென்மார்க்கில் விண்டபி என்ற இடத்தில் தலா 450 கிலோவாட் திறனில் 11 காற்றாலைகளைக் கடலில் நட்டார்கள். 'நட்டார்கள்' என்பதுதான் விஷயம். இன்று உலகக் கடல்களில் சுழல்பவற்றில் மிகப் பெரும்பாலானவை தரையில் ஊன்றியவையே: தடித்த எஃகுக் குழாய் ஒன்றைக் கடல் தரைக்குள் அடித்து இறக்குவார்கள், அல்லது எண்ணெய்த் தளங்களுக்குச் செய்வதுபோல கால்கள் வைத்த ஜாக்கெட்டை நிறுத்துவார்கள். ஆழம் 50, 60 மீட்டரைத் தாண்டினால் எஃகின் எடையும் செலவும் எகிறிவிடும். ஊன்றுவதை விட்டுவிட்டு, மிதக்கவிட்டுச் சங்கிலியால் கட்டிப்போடலாம் என்ற யோசனை வந்தது அதனால்தான்.

மிதவையில் முக்கியமாக மூன்று வகை. முதலாவது ஸ்பார். நீளமான உருளை, அடியில் கனமான எடை. தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையை எப்படித் தள்ளினாலும் நிமிர்ந்துகொள்ளும் அல்லவா, அதே தத்துவம். இரண்டாவது செமி-சப்மெர்சிபிள். மூன்று நான்கு பெரிய தூண்களை இடைவெளி விட்டு இணைத்த அகலமான மிதவை, ஆழம் குறைவாகவே இறங்கும். மூன்றாவது டென்ஷன் லெக். மிதவையை விறைப்பான கம்பிகளால் கீழ்நோக்கி இழுத்தே வைத்திருப்பார்கள். அசைவு மிகக் குறைவு, ஆனால் நங்கூரம் ஒன்று விட்டால் கதை முடிந்தது.

புயலில் கவிழாதா?

எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி இது, ஆனால் பொறியாளர்களைத் தூங்கவிடாத கேள்வி இதுவல்ல. ஸ்காட்லாந்தின் பீட்டர்ஹெட் கடற்கரைக்கு அப்பால் 2017இல் தொடங்கிய ஹைவிண்ட் ஸ்காட்லாந்து (ஐந்து டர்பைன், மொத்தம் 30 மெகாவாட்) முதல் சில மாதங்களிலேயே ஒஃபீலியா சூறாவளியின் மிச்சத்தையும், எட்டு மீட்டருக்கு மேல் எழுந்த அலைகளையும் பார்த்துவிட்டது. ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வொரு டர்பைனும் தண்ணீருக்குக் கீழே மட்டும் சுமார் 78 மீட்டர் இறங்கியிருக்கிறது, மூன்று சங்கிலிகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

உண்மையான தலைவலி வேறு, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். காற்று அளவுக்கு மேல் வீசினால் டர்பைன் தன் இறக்கைகளைத் திருப்பி, காற்றின் தள்ளலைக் குறைத்துக்கொள்ளும். தரையில் இதில் ஒரு சிக்கலும் இல்லை. மிதவையில் என்ன நடக்கிறது என்றால், அலை தள்ளி முழுக் கோபுரமும் காற்றை நோக்கி முன்னால் சாய்கிறது. சாயும்போது இறக்கைக்குக் காற்று வேகம் கூடியதாகத் தெரிகிறது. கட்டுப்பாட்டுக் கருவி உடனே இறக்கையைத் திருப்பி, தள்ளலைக் குறைக்கிறது. முன்னால் சாய்வதைத் தடுத்து நிறுத்தியிருக்க வேண்டியதே அந்தத் தள்ளல்தான். அது குறைந்ததால் சாய்வு இன்னும் கூடுகிறது, பின்னால் போகும்போது இதுவே தலைகீழாக நடக்கிறது, இப்படி ஆட்டம் வளர்ந்துகொண்டே போகும். மென்பொருளை மெதுவாக்கி, கோபுரத்தின் அசைவையும் அளந்து கணக்கில் எடுத்து இதைச் சமாளிக்கிறார்கள். நிலத்துக்கான டர்பைனை வாங்கி மிதவையில் வைத்து ஓட்டிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு பத்தி போதும்.

நம் பக்கத்துப் புயல்களைப் பற்றித் தனியாகக் கவலைப்படத்தான் வேண்டும். வட கடலில் வருவது நீண்ட, முரட்டுக் குளிர்காலக் காற்று. இங்கே வருவது சில மணி நேரத்தில் திசையே மாறி அடிக்கும் சூறாவளி. 2021 மே மாதம் டவ்தே புயலில் மும்பை ஹை எண்ணெய் வயல் பகுதியில், தொழிலாளர்கள் தங்கியிருந்த பி-305 பார்ஜ் நங்கூரம் அறுந்து மூழ்கி பலர் இறந்தது இந்த ஊரில் யாருக்கும் மறக்கவில்லை. நங்கூரச் சங்கிலி என்பது கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி இல்லை என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

உலகில் எங்கெல்லாம் ஓடுகிறது? உண்மையிலேயே மின்சாரம் தருகிறதா?

தருகிறது, தாராளமாகவே. ஹைவிண்ட் ஸ்காட்லாந்து முதல் ஐந்து ஆண்டுகளில் தன் முழுத் திறனில் சராசரியாக சுமார் 54 சதவீதம் மின்சாரம் தந்தது. நிலத்துக் காற்றாலைகள் பொதுவாக இதைக் கனவில்கூடப் பார்க்காது. போர்ச்சுகலில் வியானா டோ காஸ்டெலோ அருகே விண்ட்ஃப்ளோட் அட்லான்டிக், 25 மெகாவாட், 2020இலிருந்து ஓடுகிறது. அபர்டீன் பக்கத்தில் கின்கார்டின் சுமார் 50 மெகாவாட். நார்வேயின் ஹைவிண்ட் டாம்பென் 88 மெகாவாட், கரையிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர் தள்ளி, 260 முதல் 300 மீட்டர் ஆழத்தில் நின்று, ஸ்னோர், குல்ஃபாக்ஸ் எண்ணெய் வயல்களின் தளங்களுக்கு மின்சாரம் தருகிறது. அந்தத் தளங்களின் ஆண்டுத் தேவையில் சுமார் 35 சதவீதம் இதிலிருந்து கிடைக்கும் என்பது திட்டம்.

ஆனால் மொத்தத்தையும் கூட்டினால் சில நூறு மெகாவாட்தான் தேறும். ஊன்றிய வகை 2024 முடிவில் 80 கிகாவாட்டை, அதாவது 80,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. அந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் "அடுத்த புரட்சி" போன்ற தலைப்புகளைப் படிக்க வேண்டும்.

தோல்வியும் உண்டு. ஃபுகுஷிமா அணு விபத்துக்குப் பிறகு ஜப்பான் அதே கடற்பகுதியில் 2, 5, 7 மெகாவாட் என மூன்று மிதவை டர்பைன்களை வைத்தது. 7 மெகாவாட் இயந்திரம் பெரும்பாலும் கோளாறிலேயே கிடந்தது. கடைசியில் லாபம் வராது என்று எல்லாவற்றையும் பிரித்தெடுத்துவிட்டார்கள்.

பழுதானால் என்ன செய்வார்கள்?

சின்னக் கோளாறு என்றால் படகில் ஆள் போய் ஏறுவார். பெரிய பாகம் போனால்தான் வேடிக்கை. ஊன்றிய டர்பைனுக்குப் பக்கத்தில், நாலு காலையும் கடல் தரையில் ஊன்றி எழும் ஜாக்-அப் கப்பல் வந்து நிற்கும், அதன் கிரேனால் தூக்கி மாற்றிவிடலாம். நூறு மீட்டர் ஆழத்தில் ஜாக்-அப் நிற்க முடியாது. மிதக்கும் கிரேனால் செய்யலாம் என்றால், மேலேயும் ஆட்டம், கீழேயும் ஆட்டம், இரண்டுக்கும் நடுவில் பல டன் எடையை மில்லிமீட்டர் கணக்கில் பொருத்த வேண்டும்.

அதனால் சங்கிலியைக் கழற்றி, கேபிளைப் பிரித்து, முழு டர்பைனையும் டக் படகுகளால் துறைமுகத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறார்கள். கின்கார்டினில் ஒன்றை 2022இல் ராட்டர்டாம் வரை இழுத்தார்கள். ஹைவிண்ட் ஸ்காட்லாந்தின் ஐந்தையும் 2024இல் வட கடலைக் கடந்து நார்வேக்குக் கொண்டுபோய் முக்கியத் தாங்கிகளை (பேரிங்) மாற்றினார்கள். அந்த மாதங்களில் மின்சாரமும் இல்லை, வருமானமும் இல்லை. "மிதவை என்றால் இழுத்துவந்து ஈசியாக ரிப்பேர் செய்யலாம்" என்று விளம்பரத்தில் சொன்னதுதான் இது. ஈசி என்ற ஒரு சொல்லைத் தவிர மற்றதெல்லாம் சரி.

நம் மேற்குக் கடற்கரையில் இன்னொன்றும் சேரும். காற்று நன்றாக வீசுவது ஜூன் முதல் செப்டம்பர் வரை, அதே நாட்களில்தான் கடலுக்குள் ஆள் அனுப்ப முடியாது. கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து மாண்ட்வா போகும் பயணிகள் படகே மழைக்காலத்தில் நின்றுவிடுகிறது. ஜூன் 10ஆம் தேதி ஒரு டர்பைன் படுத்துவிட்டால் செப்டம்பர் வரை கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான், அதுவும் அந்த ஆண்டின் வருமானத்தில் பெரும்பகுதி வரவேண்டிய பருவத்தில்.

சரி, மும்பைக் கடலில் மிதவைக் காற்றாலை வருமா?

வராது என்றுதான் நினைக்கிறேன், காரணம் கொஞ்சம் வினோதமானது. நம் கடல் ஆழமே போதாது.

மும்பைக்கும் குஜராத்துக்கும் எதிரே கண்டத்திட்டு, அதாவது கரையை ஒட்டி ஆழம் குறைவாக நீளும் கடல் தரை, மிக அகலமானது. 1974இல் சாகர் சாம்ராட் என்ற துளையிடும் தளம் எண்ணெய் கண்ட மும்பை ஹை, கரையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே ஆழம் சுமார் 75 மீட்டர்தான். அதனால்தான் அங்குள்ள தளங்கள் எல்லாம் தரையில் கால் ஊன்றி நிற்கின்றன. நார்வே, போர்ச்சுகல், ஜப்பான், கலிஃபோர்னியா எல்லாம் கரையை விட்டுக் கொஞ்சம் போனாலே கடல் தரை சரிந்துவிடும் நாடுகள், அவர்களுக்கு மிதவையை விட்டால் வழி இல்லை. நாம் மிதவை வைக்க வேண்டுமென்றால் எவ்வளவோ தூரம் போக வேண்டும், அவ்வளவு தூரத்துக்குக் கேபிளும் இழுக்க வேண்டும்.

அப்படியானால் ஊன்றிய வகையை மும்பைக்கு எதிரே வைக்கலாமே என்றால், இங்கே காற்று சுமார்தான். காற்றாலையில் மின்சாரம் காற்று வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். நொடிக்கு 7 மீட்டர் வீசும் இடத்தைவிட 9 மீட்டர் வீசும் இடத்தில், அதே டர்பைனுக்குக் கிடைக்கும் ஆற்றல் இரண்டு மடங்குக்கும் மேல். அதனால் முதலீடு செய்பவர் கண் தானாகக் குஜராத்தின் காம்பே வளைகுடாவுக்கும் கன்னியாகுமரிக்கும்தான் போகும்.

அப்போது ஊர்ப் பக்கம்? கன்னியாகுமரி, தூத்துக்குடியில்?

இந்தியாவிலேயே நல்ல கடல் காற்று அங்கேதான். ஆரல்வாய்மொழிக் கணவாயில் பஸ்ஸில் போனவர்களுக்குக் காற்றைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் காற்றாற்றல் நிறுவனம் குஜராத்திலும் தமிழ்நாட்டிலும் தலா எட்டு மண்டலங்களை அடையாளம் கண்டது. இரண்டு மாநிலங்களையும் சேர்த்தால் சுமார் 70 கிகாவாட் வாய்ப்பு என்பது அரசு சொல்லும் கணக்கு, ஏறக்குறைய பாதிக்குப் பாதி. மன்னார் வளைகுடாவை ஒட்டிய மண்டலங்களிலும் ஆழம் பெரும்பாலும் ஊன்றும் வகைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஆக, அங்கேயும் முதலில் வர வேண்டியது மிதவை இல்லை. ஊன்றிய இடமெல்லாம் நிரம்பிய பிறகு, தெற்கில் திட்டு குறுகி ஆழம் கூடும் பகுதிகளில் மிதவைக்கு இடம் இருக்கிறது.

அரசு பணம் ஒதுக்கியது என்றார்கள். ஏலம் ஏன் நடக்கவில்லை?

கொள்கை 2015இலேயே வந்துவிட்டது. 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. குஜராத்தில் 500, தமிழ்நாட்டில் 500, மொத்தம் 1,000 மெகாவாட்டுக்கு இடைவெளி நிதி (திட்டம் கட்டுபடியாக அரசு ஈடுகட்டும் தொகை) 6,853 கோடி, இரண்டு துறைமுகங்களை மேம்படுத்த 600 கோடி. அப்புறம் டெண்டர் விட்டார்கள், தேதி தள்ளிக்கொண்டே போனது, 2025இல் ரத்து செய்தார்கள். இன்றுவரை இந்தியக் கடலில் வணிக அளவில் ஒரு டர்பைன்கூடச் சுழலவில்லை.

காரணம் விலைதான், வேறு மர்மம் ஒன்றும் இல்லை. ராஜஸ்தானில் சூரிய மின்சாரம் யூனிட் இரண்டரை ரூபாய் பக்கத்தில் கிடைக்கும்போது, அதைவிடப் பல மடங்கு விலையில் இருபத்தைந்து ஆண்டுக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று எந்த மின்வாரியம் கையெழுத்துப் போடும்? அதுவும் இது ஊன்றிய வகையின் நிலை. மிதவை எங்கே நிற்கிறது என்பதற்குப் பிரிட்டன் 2024இல் நடத்திய ஏலத்தைப் பாருங்கள். ஊன்றிய புதிய திட்டங்களுக்கு ஒரு மெகாவாட்-மணிக்கு (ஆயிரம் யூனிட்டுக்கு) 58.87 பவுண்டு, கிரீன் வோல்ட் என்ற 400 மெகாவாட் மிதவைத் திட்டத்துக்கு 139.93 பவுண்டு, இரண்டுமே 2012ஆம் ஆண்டு விலைமட்டத்தில். அன்றைய மாற்று விகிதத்தில் முதலாவது யூனிட்டுக்கு ஆறரை ரூபாய், இரண்டாவது பதினைந்து ரூபாய்க்கு மேல். 2012க்குப் பிறகான பணவீக்கத்தை இன்னும் சேர்க்கவே இல்லை.

இதில் எனக்கு ஒரு வாதம் உண்டு. சூரிய மின்சாரத்தோடு யூனிட் விலையை மட்டும் ஒப்பிடுவது முழு நியாயம் இல்லை. மழைக்காலத்தில் வெயில் குறையும்போது கடல் காற்று ஏறுகிறது, ராத்திரியிலும் வீசுகிறது. பேட்டரி செலவையும் கணக்கில் சேர்த்தால் இடைவெளி சுருங்கும். சுருங்கும்தான், ஆனால் பதினைந்து ரூபாயை நியாயப்படுத்தும் அளவுக்கு இல்லை.

தொழில்நுட்பம் இருக்கிறது, பணம்தான் இல்லை என்று சொல்லலாமா?

துறைமுகமும் இல்லை. இதை யாரும் கேட்பதே இல்லை, எனக்கோ இதுதான் முதல் கேள்வி. தண்ணீருக்குள் 78 மீட்டர் இறங்கும் ஸ்பாரை நிமிர்த்தி, அதன் மேல் டர்பைனை ஏற்ற நார்வேயில் ஃபியோர்டுகள் இருக்கின்றன: ஆழமான, காற்று மறைந்த, அலையில்லாத தண்ணீர். இந்தியாவில் அப்படி ஒரு இடம் கிடையாது. மும்பைத் துறைமுகத்திலும் நவா ஷேவாவிலும் சேறு படிந்துகொண்டே இருக்கும், தூர்வாரிக்கொண்டேதான் கப்பல் ஓட்டுகிறார்கள். ஆகவே நமக்கு ஸ்பார் அடிபட்டுப் போகிறது. மிஞ்சுவது செமி-சப். அதற்கு ஆழம் குறைவாகப் போதும், ஆனால் ஒவ்வொன்றும் பரந்து விரிந்த மிதவை, வரிசையாகக் கட்டி நிறுத்தக் கரையில் பல ஏக்கர் வலுவான தளம் வேண்டும், நூறு மீட்டருக்கு மேலே தூக்கும் கிரேன் வேண்டும். தஹானு பக்கத்தில் வரும் வாட்வண் துறைமுகத்துக்கும், கேரளத்தில் 2025இல் திறந்த விழிஞ்ஞத்துக்கும் இயற்கையிலேயே நல்ல ஆழம் உண்டு. ஆனால் இரண்டும் கன்டெய்னருக்காகக் கட்டுபவை. கன்டெய்னரில் காசு பார்க்கும் துறைமுகம் டர்பைனுக்கு இடம் விட்டுத்தருமா என்பது வேறு பஞ்சாயத்து.

மரைன் டிரைவில் அவ்வளவு உயரத்துக்கு அலை அடிக்கிறதே, அதில் மின்சாரம் எடுக்க முடியாதா?

ஜூலை வந்தால் தவறாமல் வரும் கேள்வி. முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மாநகராட்சி ஆண்டுதோறும் வெளியிடும் "நாலரை மீட்டருக்கு மேல்" என்ற நாட்களின் பட்டியல் அலை உயரம் இல்லை, ஓதத்தின் உயரம், அதாவது கடல் மட்டம் ஏறி இறங்குவது. அதற்குக் காரணம் நிலாவும் சூரியனும். அலைக்குக் காரணம் காற்று. இரண்டும் ஒரே நாளில் சேரும்போது கட்டைச் சுவரில் மோதித் தெறிப்பதைத்தான் நீங்கள் வீடியோ எடுக்கிறீர்கள்.

ஒரு மீட்டர் அகல அலைமுகப்பில் இருக்கும் ஆற்றலைக் கணக்கிட எளிய வாய்ப்பாடு உண்டு: அலை உயரத்தை அதே உயரத்தால் பெருக்கி, இரண்டு முகடுகளுக்கு இடைப்பட்ட நொடிகளால் பெருக்கி, பாதியாக்கினால் ஏறக்குறைய கிலோவாட் கணக்கு வந்துவிடும். மழைக்காலத்தில் திறந்த கடலில் 3 மீட்டர் அலை, 9 நொடி என்று வையுங்கள், 40 கிலோவாட். பிப்ரவரியில் 70 சென்டிமீட்டர், 6 நொடி என்றால் ஒன்றரை கிலோவாட். இயந்திரத்தை நாற்பதையும் அதைத் தாண்டிய புயலையும் தாங்கும்படி கட்ட வேண்டும், ஆனால் ஆண்டின் பெரும்பகுதி ஒன்றரையில்தான் சம்பாதிக்க வேண்டும். மும்பையின் அலைக் கணக்கு இவ்வளவுதான். அதிலும் மரைன் டிரைவ் வளைகுடாவுக்குள் ஒதுங்கிய இடம், திறந்த கடலின் அலை முழுதாக உள்ளே வராது.

இந்தியா அலை மின்சாரத்தை முயன்றதே இல்லையா?

முயன்றது, அதுவும் ரொம்ப முன்னாலேயே. சென்னை ஐஐடி 1983இல் ஆராய்ச்சியைத் தொடங்கி, 1991இல் விழிஞ்ஞத்தில் 150 கிலோவாட் நிலையம் ஒன்றை அமைத்தது. உலகத்திலேயே இந்த வகையில் முன்னோடிகளில் ஒன்று. வாய் கடலைப் பார்த்துத் திறந்த ஒரு பெரிய கான்கிரீட் பெட்டி. அலை உள்ளே ஏறினால் மேலே இருக்கும் காற்று வெளியே தள்ளப்படும், அலை இறங்கினால் காற்று உள்ளே இழுக்கப்படும், வழியில் ஒரு டர்பைன். காற்று எந்தப் பக்கம் போனாலும் ஒரே திசையில் சுழலும் வெல்ஸ் டர்பைன் அது. நகரும் பாகம் எதுவும் கடல்நீரில் நனையாது என்பதுதான் இதன் அழகு. பிற்பாடு சென்னையின் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் அந்த மின்சாரத்தால் கடல்நீரைக் குடிநீராக்கியும் பார்த்தது. அலைக்கு அலை மின்சாரம் ஏறி இறங்கியதில் மோட்டார் ஓட்டுவதே பெரும்பாடு. கடைசியில் நிலையத்தை மூடிவிட்டார்கள்.

2022 நவம்பரில் சென்னை ஐஐடி தூத்துக்குடி கரையிலிருந்து சுமார் 6 கிலோமீட்டரில், 20 மீட்டர் ஆழத்தில் சிந்துஜா-1 என்ற மிதவையைச் சோதித்தது. திறன் 100 வாட். கிலோவாட் இல்லை, வாட். கேட்டதும் சிரிப்பு வரும், ஆனால் கடலில் மிதக்கும் உணர்கருவிகளுக்கும் ஆளில்லாக் கலங்களுக்கும் அது உபயோகமான அளவு. மின்வலையை மறந்துவிட்டு இந்த மாதிரிச் சின்னத் தேவைகளைக் குறிவைப்பதுதான் அலை மின்சாரத்துக்கு இப்போதைக்குப் புத்திசாலித்தனம் என்பது என் எண்ணம்.

மும்பைக்கும் ஒரு செய்தி உண்டு. 2025இல் பாரத் பெட்ரோலியமும் இஸ்ரேலின் ஈகோ வேவ் பவரும் இங்கே 100 கிலோவாட் முன்னோடித் திட்டத்துக்கு ஒப்பந்தம் போட்டன. அவர்களுடைய முறையில் மிதவைகள் மட்டும் தண்ணீரில், ஹைட்ராலிக்கும் ஜெனரேட்டரும் கரையில். பழுதுபார்க்க வசதி, ஆனால் கரையோரத்தில் அலையின் வலு குறைந்துவிட்டிருக்கும்.

நாற்பது வருடமாக முயன்றும் அலை ஏன் தேறவில்லை?

காற்றாலை என்றால் மூன்று இறக்கை என்று உலகம் எப்போதோ ஒத்துக்கொண்டுவிட்டது. அலையில் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. எடின்பரோவில் ஸ்டீபன் சால்டர் 1970களில் ஒன்று செய்தார், பிறகு ஆளுக்கொன்று. 2008இல் போர்ச்சுகலில் பெலாமிஸ் என்ற நீண்ட, மூட்டு மூட்டான இயந்திரம் மூன்றை, மொத்தம் 2.25 மெகாவாட்டுக்கு, கடலில் விட்டார்கள். சில மாதங்களிலேயே கரைக்கு இழுத்துவிட்டார்கள், நிறுவனம் 2014இல் நொடித்தது. அடுத்த ஆண்டே ஸ்காட்லாந்தின் அக்வாமரீன் என்ற அலை மின்சார நிறுவனமும் போனது. ஒவ்வொருவரும் முதலிலிருந்து தொடங்கினால் விலை எப்படி இறங்கும்?

விடாப்பிடியாக நிற்பவையும் உண்டு. ஸ்பெயினில் முத்ரிகு துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்குள்ளேயே 16 டர்பைன்களை 2011இல் பொருத்தினார்கள், மொத்தம் சுமார் 300 கிலோவாட், விழிஞ்ஞத்தின் அதே தத்துவம். சுவர் எப்படியும் கட்ட வேண்டியது, அதற்குள் இதையும் வைத்துவிட்டார்கள். சுவீடனின் கார்பவர் 2023இல் போர்ச்சுகல் கடலில் விட்ட மிதவை 18 மீட்டருக்கு மேற்பட்ட அலைகளைத் தாங்கி வந்தது, பெரும் அலையில் தன்னைச் செயலிழக்க வைத்துக்கொள்ளும் ஏற்பாடு அதில் உண்டு. பிழைப்பதும் சம்பாதிப்பதும் ஒரே இயந்திரத்தில் சேர்வதற்கான முதல் நல்ல அறிகுறி என்று இதைப் பார்க்கிறேன்.

காற்றாலையையும் அலை இயந்திரத்தையும் ஒரே மிதவையில் வைத்தால் செலவு மிச்சம்தானே?

கேபிளும் நங்கூரமும் பொது என்பது உண்மை. ஆனால் ஒன்று அசையாமல் இருக்கப் பார்க்கும், மற்றது அசைந்தால்தான் பிழைக்கும். அதோடு நம் கடலில் இரண்டுக்கும் மூலம் ஒரே தென்மேற்குப் பருவக்காற்று, ஆகவே ஒன்று இல்லாதபோது மற்றொன்று கைகொடுக்கும் என்ற கணக்கும் இங்கே பலிக்காது.

மீனவர்கள் என்ன ஆவார்கள்?

இதற்குச் சுலபமான பதில் இல்லை. ஊன்றிய காற்றாலைக்கு நடுவில் சின்னப் படகுகள் வலைவீசிப் போக வழி உண்டு. மிதவையில் சங்கிலிகள் நாலா பக்கமும் பல நூறு மீட்டர் விரிந்து கிடக்கும், நடுத்தண்ணீரில் வளைந்து தொங்கும் மின்கேபிள் வேறு. இழுவலைக்கு அந்த இடம் முழுவதும் தடைதான். ஆதாயம் ஒன்று: கடல் தரையில் குழாய் அடிக்கும் பேரிரைச்சல் மிதவையில் இல்லை, டால்ஃபின்களுக்கும் கடற்பசுவுக்கும் அது நல்லது. பாக் விரிகுடாவில் கடற்பசுக் காப்பகம் இருப்பதை மண்டலம் வரைபவர்கள் மறக்கக் கூடாது.

மும்பையின் கோலி மீனவ மக்கள் பொம்பில் மீன் பிடிக்கும் டோல் வலையை இடம் பார்த்து நாட்டுவார்கள். அந்த இடங்கள் தலைமுறையாகக் கைமாறி வருபவை, எந்த வரைபடத்திலும் இருக்காது. நம்மவர்கள் கதை இன்னும் நீளம். கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் மகாராஷ்டிரம், குஜராத் வரை வந்து மீன் பிடிக்கிறவர்கள், 2017இல் ஒக்கிப் புயலின்போது தெற்கிலிருந்து வந்த பல படகுகள் தேவ்கட் துறைமுகத்தில்தான் ஒதுங்கின. காம்பே வளைகுடாவில் மண்டலம் குறித்தால் குஜராத் மீனவரிடம் மட்டும் கேட்டால் போதாது. கேட்பார்களா என்றால், எனக்கு நம்பிக்கை குறைவு.

மும்பையின் மின்வெட்டுக்கு இது தீர்வாகுமா?

2020 அக்டோபர் 12ஆம் தேதி ஊரே இருண்டு லோக்கல் ரயில்கள் நடுவழியில் நின்றபோது, பிரச்சினை வெளியிலிருந்து மின்சாரத்தை உள்ளே கொண்டுவரும் பாதையில் இருந்தது. கடலிலிருந்து வரும் மின்சாரம் நகரத்துக்குள்ளேயே நேராக இறங்கினால் அந்த வகையில் உதவும். ஆனால் மேலே சொன்ன விலையில், இன்னொரு மின்தடப் பாதை போடுவதுதான் மலிவு.

என் பையன் இன்ஜினியரிங் படிக்கிறான். இதில் வேலை இருக்கிறதா?

இருக்கிறது, மும்பையில் உட்கார்ந்துகொண்டே இருக்கிறது. மிதவைக் காற்றாலைக்குத் தேவையான கணக்குகள் (நங்கூரம், திரும்பத் திரும்ப இழுபட்டுச் சங்கிலி நைவது, அலைச்சுமை, எஃகு மூட்டுகள்) எல்லாம் ஐம்பது ஆண்டாக மும்பை ஹைக்குச் செய்த கணக்குகளின் தங்கை முறைதான். மசகான் டாக் எண்ணெய்த் தளங்கள் கட்டியிருக்கிறது, எல் அண்ட் டி ஹசீராவிலும் நம் காட்டுப்பள்ளியிலும் ஜாக்கெட்டுகள் கட்டுகிறது. ஐரோப்பியத் திட்டங்களின் வடிவமைப்பு வேலையில் ஒரு பங்கு ஏற்கெனவே இந்தியாவிலிருந்து ஆகிறது.

பையன் படிக்க வேண்டியது "புதுப்பிக்கத்தக்க ஆற்றல்" என்று பெயர் வைத்த படிப்பு இல்லை. சென்னை ஐஐடியில் இருப்பதுபோல கடல்சார் பொறியியலோ, கப்பல் கட்டுமானமோ, கட்டமைப்போ நன்றாகப் படித்துவிட்டு, ஹைட்ரோடைனமிக்ஸ் மென்பொருள் ஒன்றில் கை பழக்கிக்கொள்ளட்டும். காற்றாலை வந்தாலும் வேலை, எண்ணெய் நீடித்தாலும் வேலை. வேலையில் சேர்ந்த பிறகு கடலுக்கு அனுப்புவார்கள், அதற்கு முன்னால் கவிழ்ந்த ஹெலிகாப்டர் கூட்டிலிருந்து தண்ணீருக்கடியில் தப்பி வெளியே வரும் பயிற்சி உண்டு. நீச்சல் தெரியாது என்றால் இப்போதே மாட்டுங்காவில் ஒரு குளத்தில் சேர்த்துவிடுங்கள்.